அடித்த விடைகளை வாசித்த நாள்

போன வாரம் மகேஸ்வரி போனில் பேசினார். நான் ஓய்வு பெற்ற கணிதத் துறைக்கு இப்போது அவர்தான் தலைவர். பருவத் தேர்வு விடைத்தாள்களை இனிமேல் கணினித் திரையிலேயே திருத்தலாம் என்று வந்துவிட்டதாம். தாளை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பக்கம் விடை தெரியும், மறு பக்கம் விடைக்குறிப்பு தெரியும், மதிப்பெண்ணைத் தட்டினால் கூட்டலை அதுவே போட்டுக்கொள்ளும்.

"அம்புட்டு வேகமா முடியுது சார். பசங்க கோடு போட்டு அடிச்ச பக்கம் வந்தா நெக்ஸ்ட்ட அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம். நீங்கள்லாம் முகாம்ல எப்படித்தான் நாள்பூரா உக்காந்து திருத்துனீங்களோ! அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார், துறை மலர்ல போடுவோம்" என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கட்டுரை என்றால் 'கணிதத்தின் சிறப்புகள்' என்று ஏதாவது எழுதி ஒப்பேற்றியிருப்பேன். ஆனால் அந்த அடிச்ச பக்கம் என்ற சொல் என்னை விடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் திருமங்கலம் பக்கம் கொஞ்சம் பருத்திக் காடு. நான் கணக்கு படித்தது கணக்கு பிடித்ததால் அல்ல, கல்லூரியில் அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. முதுகலை, எம்.ஃபில்., கொஞ்ச காலம் டுடோரியல், அப்புறம் அதே வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் வேலை. ஓய்வு பெறும்வரை இளங்கலை மாணவர்களுக்கு நுண்கணிதமும் பகுப்பாய்வும் எடுத்தேன். அதிலும் தொடர்வரிசையின் எல்லை காண்பது என்ற பாடம் எப்படியோ என் தலையில்தான் வந்து விழும். மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

அந்தப் பாடம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எண்கள் வரிசையாகப் போகின்றன, முடிவே இல்லாமல். போகப் போக அவை ஏதோ ஓர் எண்ணை நெருங்கி, வேண்டிய அளவு நெருங்கி, அப்புறம் அதைவிட்டு விலகாமல் இருந்தால் அந்த எண்தான் எல்லை. ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று போனால் எல்லை பூஜ்யம். அவ்வளவுதான் விஷயம். சில வரிசைகளில் முந்தைய எண்ணை வைத்து அடுத்த எண்ணைக் கணக்கிடச் சொல்லியிருக்கும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லைக்கு 'எல்' என்று பெயர் வைத்து, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அந்த 'எல்' என்பதையே போட்டுத் தீர்த்தால் விடை வந்துவிடும். ஒரே நிமிடம். மாணவர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல் மாதிரி. ஆசிரியர்களுக்கும்தான்.

அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் யூசுப் சார். எங்கள் துறைத் தலைவராக இருந்தவர், பிறகு பல்கலைக்கழகக் கணிதத் தேர்வுகளுக்கு முகாம் தலைவராகவும் இருந்தார். சிம்மக்கல்லில் அவருடைய குடும்பத்துக்குக் கயிறு, சாக்கு மொத்த வியாபாரம். அண்ணன் தம்பி எல்லோரும் கடையில் உட்கார, இவர் மட்டும் கணக்குப் பக்கம் வந்துவிட்டார். கடைக்காரர் குணம் மட்டும் போகவில்லை. குரலை உயர்த்த மாட்டார். தப்பு என்று சொல்லவே மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். கண்ணாடி மேசைக்கு வந்தால் நாம் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். எல் போட்டு இரண்டே வரியில் எல்லை கண்டுபிடித்து, பையன்களிடம் பெருமையாகச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு கூட்டிக்கிட்டே போறோம். கூட்டுத்தொகைக்கு 'க'ன்னு பேரு வைங்க. மொத ஒண்ண எடுத்துட்டா மிச்சம் ரெண்டு 'க'. அப்ப 'க' எம்புட்டு?"

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 'க' என்பது ஒன்றும் இரண்டு 'க'வும் சேர்ந்தது. அப்படியென்றால் 'க' மைனஸ் ஒன்று. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டக் கூட்டப் பெருகுகிற எண்கள் எங்கே, மைனஸ் ஒன்று எங்கே?

"எங்க அத்தா கடையில ஒரு பழக்கம். யாராவது வந்து சாக்கு என்ன விலைன்னு கேட்டா, உள்ள சரக்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பாரு. நீங்க சரக்கப் பாக்காமயே விலை சொல்லிட்டீங்க" என்றார்.

எல்லை இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும், அப்புறம்தான் அது எவ்வளவு என்று கேட்க வேண்டும். இதைப் புத்தகத்தில் நான் பலமுறை படித்தவன்தான். ஆனால் மண்டையில் ஏறியது அந்த டீக்கடையில். அதன் பிறகு எங்கள் துறையில் 'சரக்கு இருக்கா?' என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது பெண் பார்க்கப் போகிறேன் என்றால்கூட அதைச் சொல்லிக் கிண்டல் செய்வோம்.

இனி முகாமுக்கு வருகிறேன். மகேஸ்வரி கேட்டது அதைத்தான்.

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு கல்லூரி. அதன் பெரிய ஹாலில் மேசைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு மேசைக்கு நான்கைந்து திருத்துநர்கள், அவர்களுக்கு ஒரு தலைமைத் திருத்துநர். திருத்துபவருக்குச் சிவப்பு மை, தலைமைக்குப் பச்சை மை. தாளின் முகப்பில் மாணவன் பெயர், பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு வேறோர் எண் போட்டுத்தான் எங்களிடம் வரும். யாருடைய தாள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. காலையில் முகாம் தலைவர் விடைக்குறிப்பை வாசிப்பார். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று சண்டை போட்டு முடிவு செய்வோம். பிறகு சணல் கட்டை அவிழ்த்து ஆரம்பித்தால் மத்தியானம்வரை தலையைத் தூக்க முடியாது. இன்னொரு விதி உண்டு. மாணவன் கோடு போட்டு அடித்த விடையை வாசிக்கக் கூடாது. அவனே வேண்டாம் என்று விட்டதை நாம் ஏன் படிக்க வேண்டும்? நல்ல விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேலை குறைகிறதல்லவா.

நான் சொல்லப்போகும் முகாம் யூசுப் சாருக்குக் கடைசி முகாம். அடுத்த மாதம் ஓய்வு. தாள்களும் அதிகமில்லை, ஒரே நாள் வேலை. பழைய பாடத்திட்டத்தில் படித்து அரியர் வைத்திருந்தவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக நடத்திய தேர்வு அது. இதில் தவறினால் அந்தப் பாடத்தை எழுத இனி வழியே கிடையாது. மூன்று வருடம் படித்த பட்டம் கையை விட்டுப் போன மாதிரிதான். கடைசி வாய்ப்பு என்பதாலேயோ என்னவோ, கேள்வித்தாள் தயாரித்தவர் முதல் எல்லோருக்குமே ஓர் அசட்டை. சாயங்காலத்துக்குள் கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தோம்.

என் மேசையில் தங்கப்பாண்டி இருந்தான். வாடிப்பட்டிக்காரன், என்னோடு எம்.ஃபில். படித்தவன். வேகமான கை. அவன் திருத்திய கட்டிலிருந்து மாதிரிக்குச் சில தாள்களை எடுத்துப் பச்சை மையால் சரிபார்ப்பது என் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது ஒரு தாளைத் தூக்கி என் பக்கம் போட்டான்.

"கொழுப்பப் பாத்தியா மாப்ள? கடைசிச் சான்சுக்கு வந்துட்டு நமக்கே பாடம் எடுக்குது."

பத்து மதிப்பெண் கேள்வி. முதல் எண் இரண்டு, மூன்றை முந்தைய எண்ணால் வகுத்தால் அடுத்த எண், இவ்வரிசைக்கு எல்லை உண்டு என நிறுவி அந்த எல்லையைக் காண்க என்று கேட்டிருந்தது. விடைக்குறிப்பில் ரூட் மூன்று. மாணவனோ மாணவியோ, அந்தப் பிள்ளை இப்படி எழுதியிருந்தது: 'இரண்டு, ஒன்றரை, இரண்டு, ஒன்றரை. இந்த வரிசை இரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையே போய் வந்துகொண்டே இருக்கிறது. எதையும் நெருங்கவில்லை. ஆகவே எல்லை கிடையாது. கேள்வி தவறாக இருக்கலாம். நான் போட்டது தவறாகவும் இருக்கலாம்.'

அதன் பக்கத்தில் தங்கப்பாண்டி பூசணிக்காய் அளவுக்குச் சிவப்பில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தான். மொத்தத்தைப் பார்த்தேன். தேர்ச்சிக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது.

நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு பழக்க தோஷத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை. மூன்றை ஒன்றரையால் வகுத்தால் இரண்டு. மறுபடி ஒன்றரை, மறுபடி இரண்டு. கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. ரூட் மூன்று நடுவில் எங்கோ கிடக்கிறது, இந்த வரிசை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்று புரிந்துபோயிற்று. பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கு வேறு. முந்தைய எண்ணையும், மூன்றை அதனால் வகுத்து வந்ததையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அது சமர்த்தாக இறங்கி ரூட் மூன்றில் போய் நிற்கும். கேள்வித்தாளில் கூட்டிப் பாதியாக்குகிற பகுதி விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனாலும் எல் போட்டுத் தீர்த்தால் அதே ரூட் மூன்றுதான் வரும். அதனால் விடைக்குறிப்பு போட்டவருக்கும் சந்தேகம் வரவில்லை, காலையில் அதை வைத்துச் சண்டை போட்ட எங்களுக்கும் வரவில்லை. இதைவிடக் கூத்து, முக்கால்வாசி மாணவர்கள் கைடில் மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதி, இந்த வரிசை இறங்கிக்கொண்டே போகிறது என்று நிரூபித்திருந்தார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டுக்கு ஏறுகிற வரிசையை இறங்குகிறது என்று நிரூபித்ததற்கு நாங்கள் படிக்குப் படி டிக் போட்டு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தோம். இந்தத் தப்பைச் சந்தையில் காய் விற்கிறவர்கூடச் செய்ய மாட்டார். கணக்கு வாத்தியார்களால் மட்டும்தான் முடியும்.

விடைக்குறிப்பு போட்டது யூசுப் சார்.

தாளை எடுத்துக்கொண்டு மேடையில் இருந்த அவருடைய மேசைக்குப் போனேன். ஊருக்கெல்லாம் சரக்கைப் பார்க்கச் சொன்ன மனுஷனிடம் போய், நீங்கள் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் கடைசி முகாமில். தாளை மட்டும் முன்னால் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. டீ கிளாசுக்கு அடியில் இருந்த துண்டுத்தாளில் இரண்டு, ஒன்றரை, இரண்டு, ஒன்றரை என்று எழுதினார். அடுத்தும் எழுதினார். எத்தனை எழுதினாலும் அதுவேதான் வரும் என்று எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"முருகேசன், சரக்கு இருக்கா?"

"இல்ல சார்."

"நான் விலை சொல்லிட்டேன்."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னேன். அதை வழி என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த ஒரு தாளுக்கு மட்டும் பச்சை மையில் பூஜ்யத்தைப் பத்தாக்கிவிடலாம். ரூட் மூன்று எழுதியவர்களுக்கு ஏற்கெனவே பத்து இருக்கிறது. இந்தப் பிள்ளையும் பாஸ், யாருக்கும் நஷ்டம் இல்லை, வெளியிலும் தெரியாது.

"இந்தப் பேப்பர் உங்க கையில வந்துச்சு. கையில வராத பேப்பர் எத்தன இருக்கோ, யாரு கண்டா?" என்றார். நாங்கள் சரிபார்ப்பது மாதிரிக்குச் சில தாள்கள்தான். மிச்சம் கட்டிக் கட்டி ஹாலின் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்துத் தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்தார். கேள்வியே தவறாக இருந்தால் அதை முயற்சி செய்த எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்பது விதி. ஒப்புதல் வாங்கிக்கொண்டு மேடையின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தப் பத்து மார்க் கேள்வியில கீ தப்பு. போட்டது நான். எல்லாக் கட்டையும் அவுக்கணும். அந்தக் கேள்வியத் தொட்டவங்களுக்கெல்லாம் பத்து."

ஒரே சலசலப்பு. கேள்வித்தாள் தயாரித்தவர் செய்த தப்புக்கு நீங்கள் ஏன் சார் சொல்கிறீர்கள் என்று ஓர் அம்மா எழுந்து கேட்டார். "அவரு பாதியத்தான் விட்டாரு. நான் முழுசா விட்டேன்" என்றார் யூசுப் சார். தங்கப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஒத்தப் பேப்பருக்காக இம்புட்டுப் பேரும் உக்காரணுமா சார்? எனக்கு வாடிப்பட்டி பஸ்ஸு போயிரும்."

"போயிட்டு வாங்க தம்பி. உங்க கட்ட நான் பாத்துக்கிறேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே தங்கப்பாண்டி போகவில்லை. முனகிக்கொண்டே தன் கட்டை அவிழ்த்தான்.

வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. எட்டுக் கேள்விகளில் ஐந்துக்கு விடை எழுத வேண்டிய தாள் அது. சிலர் இந்தக் கேள்வியை ஆரம்பித்துவிட்டு, அடித்துவிட்டு, வேறு கேள்விக்குப் போயிருந்தார்கள். அவர்களெல்லாம் முயற்சி செய்தவர்களா, இல்லையா? அடித்ததை வாசிக்கக் கூடாது என்பது விதி. முயற்சி செய்தவருக்கு மதிப்பெண் என்பதும் விதி. மேசைக்கு மேசை விவாதம். எல்லோரும் யூசுப் சாரைப் பார்த்தோம்.

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் அடிச்சாங்கன்னு வாசிச்சுப் பாத்தீங்களா?"

வாசித்தோம். என் பணிக்காலத்தில் அடித்த விடைகளை வாசித்தது அன்றுதான் முதல் முறை. முதல் தாளில் கோட்டுக்கு அடியில் இரண்டு, ஒன்றரை, இரண்டு, ஒன்றரை என்று இருந்தது. அதைப் பெரிய பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு வேறு கேள்விக்குப் போயிருந்தான். இன்னொன்றில் அதே எண்கள், அடித்துவிட்டுக் கீழே கைடில் உள்ளபடி ரூட் மூன்று. அதற்கு நான் பச்சை மையில் டிக் போட்டிருந்தேன். அடுத்த மேசையிலிருந்து ஓர் அம்மா, "இங்கயும் இருக்கு சார்" என்றார். அப்புறம் வேறொரு மூலையிலிருந்து ஒரு குரல். 'எல்லை இல்லையோ?' என்று எழுதி, கேள்விக்குறி போட்டு, அதையும் சேர்த்து அடித்திருந்தது ஒன்று. ரப்பரால் அழித்தும் அழியாமல் கிடந்தது ஒன்று.

அதன் பிறகு பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று வருடக்கணக்காக ஓய்வறையில் உட்கார்ந்து புலம்பியவர்கள் நாங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணால் பார்த்ததைத் தங்கள் கையாலேயே அடித்துவிட்டு, எங்களுக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி எழுதப் பழக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடித்தவையும் முயற்சி என்றே எடுத்துக்கொண்டோம். அதனால் கரையேறியவர்கள் சிலர் உண்டு. மேலே பல்கலைக்கழகத்தில் ஆட்சேபம் வந்தால் பதில் சொல்வது தன் பொறுப்பு என்று யூசுப் சார் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபம் வரவில்லை.

கடைசியாகத் தங்கப்பாண்டி அந்த முதல் தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். தன் பூசணிக்காயை அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்து போட்டிருந்தான். யூசுப் சார் தாளை வாங்கி மறுபடி ஒரு முறை வாசித்தார். 'கேள்வி தவறாக இருக்கலாம். நான் போட்டது தவறாகவும் இருக்கலாம்' என்ற வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கும் பயம் இருந்திருக்கு. ஆனா அடிக்கல பாத்தீங்களா" என்றார்.

தங்கப்பாண்டி வாடிப்பட்டிக்குக் கடைசி பஸ்ஸில் போனான்.

யூசுப் சார் ஓய்வுக்குப் பிறகு அண்ணன் தம்பிகளோடு கடையில்தான் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் போனால் கணக்கைப் பற்றிப் பேச மாட்டார், சாக்கு விலைதான் பேசுவார். நான் அதன்பின் வகுப்பில் வைக்கும் ஒவ்வொரு தேர்விலும் எல்லை இல்லாத ஒரு வரிசையை, எல்லை காண்க என்று கேட்டு உள்ளே நுழைத்துவிடுவேன். மாணவர்கள் என்னை என்ன பெயர் சொல்லித் திட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது. அந்தத் தாளை எழுதியது ஆணா பெண்ணா, இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. பட்டம் வாங்கியிருக்கும். அது மட்டும் நிச்சயம்.

மகேஸ்வரி, கட்டுரை கேட்டாயல்லவா, இவ்வளவுதான். திரையில் அடித்த பக்கம் வந்தால் அந்தப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடு. பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். இருந்தாலும் வாசி.